முதலில் கை, பிறகு கண்: ஹட்டனில் ஒரு ஏ320 விமானியறை

வீட்டில் ஃப்ளைட் சிமியுலேட்டர் (விமானியறை மாதிரியே செய்து, கணினியில் விமானம் ஓட்டும் ஏற்பாடு) கட்டப்போகிறேன் என்று வருகிற தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எத்தனை டிவி வைக்கணும், எத்தனை இஞ்ச்?" என்றுதான். ஒன்று போதும், அதையும் கடைசியாக வாங்கு என்பேன். காசு அளவாகத்தான் இருக்கிறது என்றால் அது முழுவதும் கை தொடும் இடத்துக்குப் போகட்டும்: ஸ்டிக், த்ரொட்டில், முன்னால் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் எஃப்.சி.யூ பேனல் (தானாகப் பறக்கும் விமானத்துக்கு வேகம், உயரம் எல்லாம் சொல்லும் இடம்). வெளியே மேகம் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், உயரத்தை மாற்றுவதற்கு மவுஸைத் தேடினால் அந்த நிமிஷமே விமானத்தை விட்டு இறங்கி மேசைக்கு வந்துவிடுகிறோம். கை தானாகப் போய் சரியான குமிழில் நிற்கவேண்டும், இருட்டிலும், பார்க்காமலும். என் கணக்கில் நிஜம் என்பது அங்கேதான் இருக்கிறது.

ஏர்பஸ் ஏ320ஐ எடுத்ததற்கு ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸிடம் இருப்பதெல்லாம் ஏர்பஸ் என்பது ஒரு காரணம், கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு யாரையாவது கூட்டிவரப் போனால் நிஜ விமானத்தையே பார்த்துவிட்டு வரலாம். பெரிய காரணம் வேறு. போயிங் 737இல் ஓட்டோ த்ரொட்டில் (எஞ்சின் விசையைத் தானாகச் சரிசெய்யும் வசதி) போட்டால் லீவர்கள் தாமாக நகரும், இரண்டு விமானிகளின் முன்னாலும் இருக்கும் யோக்குகள் (சுக்கான் மாதிரியான பிடிகள்) ஒன்றோடொன்று இணைந்து அசையும், இதையெல்லாம் வீட்டில் செய்வதென்றால் மோட்டார், பெல்ட், கப்பி என்று வேலை பெருத்துவிடும். 1987இல் முதன்முதலாகப் பறந்த ஏ320இல் ஸ்டிக் ஸ்ப்ரிங்கின் பலத்தில் நடுவுக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். இரண்டு ஸ்டிக்குக்கும் நடுவில் கம்பியோ சங்கிலியோ கிடையாது. ஏர்பஸில் அதே வசதிக்குப் பெயர் ஓட்டோ த்ரஸ்ட், அது வேலை செய்யும்போதும் த்ரொட்டில் வைத்த இடத்திலேயே நிற்கும். ஆகவே ஒரு மரப்பலகையும் ஸ்ப்ரிங்கும் சென்சரும் வைத்து நாம் செய்வது நிஜத்துக்கு மிகக் கிட்டப் போய்விடுகிறது. விமானத்தின் மூக்கை மேலே கீழே சமநிலையில் வைக்கும் ட்ரிம் சக்கரம் மட்டும் நிஜத்தில் தானாகச் சுழலும். என்னுடையது நின்றபடியே இருக்கிறது, அதற்கு ஒரு ஸ்டெப்பர் மோட்டார் வைக்க ஆசை உண்டு, அவசரம் இல்லை.

எஃப்.சி.யூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லோரும் தடுக்கி நிற்பது அங்கேதான். வேகம், திசை, உயரம், ஏறும் இறங்கும் வீதம் என்று நாலு குமிழ்கள். திருப்பினால் எண் மாறும், அது எந்த ரோட்டரி என்கோடரும் (குமிழ் திரும்புவதை எண்ணும் சென்சர்) செய்யும். ஆனால் ஏர்பஸில் வேகம், திசை, உயரக் குமிழ்களை உள்ளே அமுக்கினால் வழிகாட்டும் பொறுப்பு விமானத்தின் கணினிக்குப் போகிறது, வெளியே இழுத்தால் விமானி சொல்லும் எண்ணுக்கு விமானம் கட்டுப்படுகிறது. கடையில் கிடைக்கும் என்கோடரில் அமுக்கல் உண்டு, இழுவை கிடையாது. நான் செய்தது இதுதான்: என்கோடரை ஒரு சின்ன அலுமினியத் தகட்டில் பூட்டி, அந்தத் தகடு இரண்டு பித்தளைக் கம்பிகளின் மேல் முன்னும் பின்னும் நகரும்படி விட்டேன். பின்னால் ஒரு மைக்ரோ ஸ்விட்ச், முன்னால் ஒன்று, இரண்டு பக்கமும் பேனா ஸ்ப்ரிங். விரல் விட்டதும் நடுவுக்கு வந்துவிடும், கிளிக் சத்தமும் கிடைக்கும். ஒரு குமிழுக்கு நாலு பின் (வயர் இணைக்கும் முனை) என்று வைத்தால் நாலு குமிழுக்கும் 16. ஆர்டுயினோ மெகா என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டில் 54 டிஜிட்டல் பின்கள் இருப்பதால் இந்தப் பேனலின் பட்டன்களுக்கும் அதே போர்டில் இடம் இருக்கிறது. எண்களைக் காட்ட மேக்ஸ்7219 சில்லுகள் இரண்டு போதும், ஒன்று எட்டு இலக்கங்களைப் பார்த்துக்கொள்ளும். ஏழு கோட்டு இலக்கத்தில் கழித்தல் குறி வரும், கூட்டல் குறி வராது, அதனால் ஏறும் வீதத்துக்கு முன்னால் என்னிடம் வெறும் இடம்தான் இருக்கிறது. இதையெல்லாம் விமானத்தோடு பேச வைப்பது மொபிஃப்ளைட் என்ற இலவச மென்பொருள், நிரல் ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை.

பேனல் முகத்துக்கு வெளிநாட்டிலிருந்து எதையும் வரவழைக்கவேண்டாம். 3 மில்லிமீட்டர் தெளிந்த பேர்ஸ்பெக்ஸ், அதன்மேல் வெள்ளை ஸ்ப்ரே, அது நன்றாகக் காய்ந்த பிறகு சாம்பல் நீலம். கேடயமும் பெயர்ப்பலகையும் செய்கிற கடைகளில் லேசர் மெஷின் இருக்கும், எழுத்துகளை வெக்டர் கோப்பாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் மேல் நிறத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பின்னால் 12 வோல்ட் எல்.ஈ.டி பட்டி போட்டால் எழுத்து ஒளிரும். பட்டியைப் பேர்ஸ்பெக்ஸோடு ஒட்டவிடாமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் எழுத்துக்குப் பின்னால் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும்.

த்ரொட்டிலில் முக்கியம் பள்ளங்கள். ஐடில் (மிகக் குறைந்த விசை), கிளைம்ப் (ஏறுவதற்கு), ஃப்ளெக்ஸ் (குறைத்த விசையில் புறப்பட), டோகா (முழு விசை) என்று லீவர் ஒவ்வொன்றிலும் விழுந்து உட்காரவேண்டும். வளைந்த தகட்டில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு குழி அரத்தால் எடுத்து, ஸ்ப்ரிங் தள்ளும் ஒரு இரும்புக் குண்டு அதன்மேல் உருளும்படி வைத்தால் அந்த உணர்வு வந்துவிடும். எங்கள் ஊர் தச்சு பாஸ் ஒருவர்தான் அந்தத் தகட்டுக்கு மர அச்சு செய்து தந்தார், விமானத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது, ஆனால் லீவரைத் தள்ளிப் பார்த்துவிட்டு "இன்னும் கொஞ்சம் ஆழம் வேணும் தம்பி, கைக்குச் சொல்லல" என்றார். அவர் சொன்னது சரி. சென்சருக்குப் பொட்டென்ஷியோமீட்டர் (ரேடியோவின் சத்தக் குமிழுக்குள் இருப்பது) வேண்டாம், மலைநாட்டு ஈரத்தில் அதன் தடம் கெட்டு எண் நடுங்க ஆரம்பிக்கும். காந்தத்தை உணரும் ஹோல் சென்சரும் ஒரு காந்தமும் போடுங்கள், தேய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ஈரம் என்றதும் எங்கள் பக்கத்து மழையைச் சொல்லாமல் விட முடியாது. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, வட்டவளை, கினிகத்தேனை, நோர்ட்டன்பிரிட்ஜ் பக்கமெல்லாம் சுவர் காய்வதே கிடையாது. எம்.டி.எஃப் பலகை அந்த ஈரத்தைக் குடித்து ஊதிவிடும், பிளைவுட் வாங்கி வெட்டிய ஓரங்களுக்கும் வார்னிஷ் அடிக்கவேண்டும். துணி அலுமாரியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க நம்மூரில் சின்ன பல்ப் ஒன்று எரிய விடுவோமே, அதையே பேனல் பெட்டிக்குள் செய்திருக்கிறேன். எல்.ஈ.டி பல்ப் சூடாகாது, பழைய இழை பல்ப்தான் வேண்டும். பிறகு இடி மின்னல். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் வானம் கறுத்தால் யூ.பி.எஸ்ஸை நம்பாமல் ப்ளக்கைக் கழற்றுங்கள், இணைய வயரையும் சேர்த்து.

மென்பொருளுக்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை. மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமியுலேட்டரில் ஃப்ளைபைவயர் குழுவினர் செய்த ஏ320 இலவசம், ஆழமாகவும் இருக்கிறது. ஆனால் அந்த சிமியுலேட்டர் நிலக்காட்சியைப் பறக்கப் பறக்க இணையத்திலிருந்து இழுக்கும். சிக்னல் இறங்கி ஏறும் தோட்டங்களில் இருப்பவர்கள் பறக்கும் இடங்களை முன்கூட்டியே இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள், அல்லது எல்லாவற்றையும் வட்டில் வைத்துக்கொள்ளும் எக்ஸ்-பிளேனுக்குப் போங்கள்.

சரி, எதற்கு இவ்வளவு பாடு என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு மலை. நோர்ட்டன்பிரிட்ஜ் பக்கம் போனால் ஏழு கன்னியர் மலை தெரியும். 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஜித்தாவுக்குக் கொண்டுபோகும் வழியில் கட்டுநாயக்கவில் இறங்க வந்த மார்ட்டின்ஏர் டிசி-8 அந்த மலையில் மோதியது. 182 பயணிகள், 9 பணியாளர்கள், ஒருவரும் மிஞ்சவில்லை. என் பெரியப்பாவுக்கு அந்த இரவு ஞாபகம் இருக்கிறது, சத்தத்தைப் பற்றி மட்டும் சொல்வார், மீதியைச் சொல்லமாட்டார்.

விமான நிலையத்துக்குக் கிட்ட வந்துவிட்டோம் என்று விமானிகள் நினைத்தார்கள். நிஜத்தில் சுமார் 40 கடல்மைல் கிழக்கே, மலைகளுக்கு மேலே இருந்தார்கள். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதற்கு அவர்கள் நம்பியது தரையில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலையால் வேகத்தைக் கணிக்கும் டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும். அதே வாரம் டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டி.டபிள்யூ.ஏ 514 என்ற பயணிகள் விமானம் இதே மாதிரி ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியை அமெரிக்கா பெரிய விமானங்களுக்குக் கட்டாயமாக்கியது. அந்தப் பழைய கருவி கீழே பார்ப்பதற்குத்தான், முன்னால் செங்குத்தாக நிற்கும் மலையை அது தாமதமாகவே அறியும். 1990களில்தான் விமானத்தின் இருப்பிடத்தையும் உலகத்தின் நில வரைபடத்தையும் சேர்த்துப் பார்த்து முன்கூட்டியே கத்தும் கருவி வந்தது. ஏ320இல் ஒரு பட்டனை அமுக்கினால் முன்னால் இருக்கும் மலைகள் பச்சை, மஞ்சள், சிவப்பாகத் திரையில் வரும். நான் ஆரம்பத்திலேயே செய்து முடித்த பட்டன்களில் அதுவும் ஒன்று.

தோட்ட லயத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். கட்டுநாயக்கவில் தரையிறங்கக் கற்றுக்கொடுப்பது லேசு, 3,350 மீட்டர் ஓடுபாதை, ஐ.எல்.எஸ் (ஓடுபாதைக்கு ரேடியோவில் வழிகாட்டும் கருவி) இருக்கிறது, மேற்கே கடல். நான் அவர்களுக்கு முதலில் கொடுப்பது கிழக்கிலிருந்து, இரவில், மலைகளைத் தாண்டி வரும் வழி. அந்த மலைப் படத்தை அணைத்துவிடுவேன். பேப்பரில் பிதுருதலாகல 8,281 அடி, சிவனொளிபாதமலை 7,359 அடி என்று எழுதி வைத்துக்கொண்டு, கட்டுநாயக்க டி.எம்.இ (ரேடியோவில் தூரம் அளக்கும் கருவி) காட்டும் தூரத்தைப் பார்த்து, அதையே வரைபடத்தில் இன்னொரு வழியாகச் சரிபார்த்த பிறகுதான் உயரக் குமிழைத் தொடலாம். இரண்டு வழியும் ஒத்துவராவிட்டால் இறக்கம் கிடையாது, மேலேயே சுற்றவேண்டும். ஒரு சின்னப் பெண் அப்படிச் சுற்றிக்கொண்டே, "மாமா, இப்ப மலை நமக்குப் பின்னால போயிருச்சா?" என்று கேட்டாள். திரையில் எல்லாம் கறுப்பு. அவளுடைய கை உயரக் குமிழின்மேல் இருந்தது, ஆனால் திருப்பவில்லை. இதற்காகத்தான் குமிழ் நிஜமாக இருக்கவேண்டும் என்கிறேன். மவுஸில் ஒரு கிளிக் என்றால் யோசிக்காமல் செய்துவிடுவோம். கையில் பாரமாக இருக்கும் ஒன்றைத் திருப்புவதற்கு முன்னால் மனம் கொஞ்சம் நிற்கிறது.

இப்போது தலைக்கு மேலே உள்ள பேனலில் இருக்கிறேன். ஏர்பஸ் அதை ஒழுங்காக யோசித்திருக்கிறது: எல்லாம் சரியாக இருந்தால் அங்கே ஒரு விளக்கும் எரியாது, எரிந்தால் கவனி என்று அர்த்தம். எரிபொருள், ஹைட்ரோலிக் வரிசைகள் முடிந்தன, பேட்டரி வரிசைக்குப் பேர்ஸ்பெக்ஸ் வெட்டக் கொடுத்திருக்கிறேன். எஃப்.சி.யூவின் வெக்டர் கோப்பு வேண்டியவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். தலவாக்கலை, நோர்வூட், பொகவந்தலாவை பக்கம் யாராவது கட்டிக்கொண்டிருந்தால் த்ரொட்டில் தகட்டின் மர அச்சையும் இரவலாகத் தருகிறேன், வேலை முடிந்ததும் திருப்பித் தந்தால் போதும், அடுத்தவருக்கு வேண்டும்.