ஃபிரிட்ஜ் பாடும் சுருதி

2024 ஜனவரி 6, சனி. காத்ர் போர்ன், மொரிஷியஸ்

எல்லோரும் படுத்த பிறகு, பத்தரை மணிக்குச் சாமான் அறையில் மைக்கை நட்டேன். என் ஒலிப்பதிவுக் கூடம் இதுதான்: ஒரு பக்கம் அரிசி மூட்டை, மறுபக்கம் சுவரோடு நிமிர்த்தி வைத்த பஞ்சு மெத்தை, கதவில் இரண்டு போர்வை. மெத்தை இல்லாமல் பாடினால் குளியலறையில் பாடியது போல் குரல் முட்டித் திரும்புகிறது. பள்ளியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது பிழைப்பு, இது பைத்தியம்.

தைப்பூசத்துக்குள் சொந்தமாக ஒரு காவடிச் சிந்து போட்டு, அக்காவைப் பாடவைத்துப் பதிவு செய்துவிட வேண்டும். 25ஆம் தேதி தைப்பூசம். பல்லவி வந்துவிட்டது:

கருப்பங் காட்டுக் காற்றில் ஆடும் மயிலே – எங்கள்
காலடிக்குப் பூவும் ஆகும் வெயிலே

சரணத்தில் ஓர் அடி: ‘மழையும் வெயிலும் வழியில் நின்று வணங்குமே.’ மெட்டு செஞ்சுருட்டிதான். சிந்துக்கு அதை விட்டால் வேறு எதைத் தேடுவது? மேலே ‘நி’ என்ற ஸ்வரத்தோடு நின்றுவிடுகிற ராகம் என்பதால் என் போன்ற குரலுக்கும் பாதகமில்லை. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்து மாலை வகுப்பில் மூன்று வருடம் வாய்ப்பாட்டு படித்தேன். வர்ணத்தைத் தாண்டவில்லை.

அக்காவின் குரலுக்குச் சுருதி ஐந்து கட்டை. சுருதிப் பெட்டியை அதற்கு வைத்து, பஞ்சமத்துக்குப் பதில் மத்திமம் ஒலிக்கும் மத்திம சுருதியாக்கி, நானே ஒருமுறை பாடிப் பார்த்தேன். கேட்டால் அடியில் ஏதோ நெளிகிறது. சுருதிப் பெட்டி கெட்டுவிட்டதோ என்று அரை மணி நேரம் அதைத் திறந்து மூடினேன். அப்புறம்தான் அதை அணைத்துவிட்டு வெறும் அறையைப் பதிவு செய்து பார்க்கத் தோன்றியது. கணினித் திரையில் 100 ஹெர்ட்ஸில் ஒரு முள் நட்டமாக நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டார் அதன் இரட்டிப்பில் முனகும். ஐந்து கட்டையின் கீழ் ஸ்தாயி 98 ஹெர்ட்ஸ். ஆகவே ஃபிரிட்ஜும் ஐந்து கட்டையில்தான் பாடுகிறது, இரண்டு ஹெர்ட்ஸ் தூக்கலாக! 98க்கும் 100க்கும் நடுவே வினாடிக்கு இரண்டு முறை அலை அடிக்கிறது. அந்த நெளிவு அதுதான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாடினேன். சுத்தம்.

ஜனவரி 7, ஞாயிறு

பிளக்கைத் திரும்பச் செருக மறந்துவிட்டேன். பாலும் தயிரும் போயின. மனைவி என்னிடம் பேசவில்லை, பாத்திரங்களிடம் பேசினாள்.

ஜனவரி 10, புதன்

பக்கத்து வீட்டுத் தொன்தொன் (கிரியோல் மொழியில் மாமா) ராவான் என்னும் வட்டத் தோல் மேளத்துடன் வந்தார். எழுபது தாண்டிய கிரியோல் பெரியவர். அவருடைய ராவான் ஆட்டுத் தோல் போர்த்தியது, ஒரு பெரிய முறத்தின் அகலம். அவர் பேரனிடம் இருப்பது பிளாஸ்டிக் தோல். அதற்குச் சூடு காட்ட வேண்டாம், மழைக்குப் பயப்பட வேண்டாம், வாளியைத் தட்டியது போல் எப்போதும் ஒரே சத்தம்.

சிந்துக்குத் திஸ்ர நடை, ஒரு தட்டு மூன்றாகப் பிரியும். ராவானோடு பாடும் எங்கள் தீவின் செகா இசையும் ஆறில் மூன்று மூன்றாகப் போவது. இரண்டும் ஒட்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஹெட்போனை மாட்டி, கணினியின் கிளிக் சத்தத்தை நிமிடத்துக்கு 96 என்று வைத்துக் கொடுத்தேன். நாலு சுற்று வாசித்தார். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். “இந்தக் கடிகாரத்துக்குக் கால் ஊனமா?” என்று கேட்டார். (அவர் சொன்னது கிரியோலில், தமிழாக்கம் என்னுடையது.)

குற்றத்தில் பாதி கணினியுடையது. பழைய இயந்திரம், ஒலியைச் சற்றுத் தேக்கி அனுப்பும் பஃபரை 1024இல் வைத்தால்தான் திணறாமல் ஓடுகிறது. வினாடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் எடுக்கும்போது அது மட்டுமே 23 மில்லி வினாடி. உள்ளே போக ஒருமுறை, வெளியே வர ஒருமுறை. தான் தட்டியது தன் காதுக்கே பிந்தி வந்தால் யார்தான் வாசிப்பார்? 128க்குக் குறைத்தேன், பொரி பொரிவது போல் வெடித்தது.

மீதிப் பாதியை இரவில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் புரிந்துகொண்டேன். கிளிக் இல்லாமல் அவர் தானாக வாசித்த பகுதியில் மூன்று தட்டுகளுக்கான இடைவெளிகளை அளந்தேன். சமமாக இருந்தால் ஒவ்வொன்றும் 208 மில்லி வினாடி வர வேண்டும். வந்தது 235, 165, 225. அடுத்த சுற்றிலும் ஏறக்குறைய அதேதான். கை தவறியது அல்ல, நடையே அப்படி. முதல் தட்டில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டாவதை எட்டிப் பிடிக்கிறார். யுனெஸ்கோ 2014இல் மொரிஷியஸ் செகாவைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தொன்தொன் அதற்கு முன்னும் இப்படித்தான் தட்டினார்.

ஜனவரி 13, சனி

அக்கா ரோஸ் ஹில்லிலிருந்து மெட்ரோவில் வந்து இறங்கினாள். வந்தவுடன் ராவானைப் பார்த்து முகம் சுளித்தாள்.

“விரதம் ஆரம்பிக்கப் போகிறது. முருகன் பாட்டுக்கு ஆட்டுத் தோலா, தம்பி?”

“மிருதங்கத்தில் என்ன தோல் என்று நினைத்தாய் அக்கா?”

“அது வேறு.”

எப்படி வேறு என்று இதுவரை சொல்லவில்லை. ஆனால் பாட உட்கார்ந்துவிட்டாள்.

அக்காவுக்கு நூறு பாட்டாவது மனப்பாடம். தமிழ் எழுத்து தெரியாது. எல்லாம் பிரெஞ்சு எழுத்தில் எழுதிய நோட்டுப் புத்தகங்கள். இங்கே கோவிலில் பாடுகிற பலரும் அப்படித்தான். அவள் நோட்டில் ‘ழ’வுக்குத் தனி இடம் கிடையாது, ‘ல’தான். நான் வாய் பிளந்து, நாக்கை மடித்துக் காட்டினேன். வகுப்பில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்வதுதான். இருபது முறை பாடினாள். இருபது முறையும் ‘மலையும் வெயிலும் வலியில் நின்று வணங்குமே.’

எரிச்சலோடு எழுந்து தேநீர் போடப் போனேன். தண்ணீர் கொதிக்கும்போது அந்த அடியைத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். மலை. இங்கே காவடி ஏறுவது கோர் தெ கார்த் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோவிலுக்கு. வலி. கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு வெயிலில் தார் ரோட்டில் நடப்பவனைக் கேட்டால் தெரியும். என் அடியைவிட அவள் அடி நன்றாக இருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

பெலால் புயல் எச்சரிக்கை. அக்கா திரும்பிப் போக முடியவில்லை. ஜன்னல்களுக்குப் பலகை அடித்தோம். மைக்கையும் கணினியையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். முக்கியமான தஸ்தாவேஜுகள் கீழ்த் தட்டில் இருக்கின்றன என்று மனைவி சுட்டிக்காட்டினாள்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

பொங்கல் வீட்டுக்குள், எரிவாயு அடுப்பில். காலையில் பக்கத்துத் தீவான ரியூனியனில் உச்சகட்டமான ஊதா எச்சரிக்கை என்று வானொலி சொன்னது. எங்களுக்குக் காற்றைவிடத் தண்ணீர்தான் வந்தது. போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற படங்களை எல்லோரும் கைபேசியில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்கிற மச்சான் வீடு வந்து சேரும்வரை யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மின்சாரம் மாலையில் போனது.

இன்று இசை இல்லை.

ஜனவரி 16, செவ்வாய். இரவு

மின்சாரம் இன்னும் வரவில்லை. ஏழரை மணிக்கு மழை விட்டது. மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது அக்காதான் முதலில் சொன்னாள்: “எவ்வளவு அமைதி பார்த்தாயா?” ஃபிரிட்ஜ் இல்லை. பக்கத்துத் தெருத் தொலைக்காட்சிகள் இல்லை, மெட்ரோ இல்லை. தவளைகள் மட்டும்.

கணினி பாட்டரியில் 41 விழுக்காடு. மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டையும் அதிலிருந்தே இழுக்க வேண்டும். ஓடிப்போய்த் தொன்தொனை அழைத்தேன். முற்றத்தில் விழுந்து கிடந்த மாங்கிளையைத் தாண்டி ராவானை மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். இரண்டு நாள் ஈரத்தில் தோல் துவண்டு, தட்டினால் நனைந்த துணி போல் ‘தொப்’ என்றது. வழக்கமாக வைக்கோலைக் கொளுத்திச் சூடு காட்டுவார். இன்று எங்கள் அடுப்பு. ஒரு சாண் உயரத்தில் ராவானைப் பிடித்து, நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டே, இடையிடையே கட்டைவிரலால் சுண்டிக் கேட்டார். மெல்ல மெல்ல ‘தொப்’ இறுகி ‘தும்’ ஆனது. அடுப்பின் நீல வெளிச்சம் தோலுக்குள் ஊடுருவி, நடுவில் கைபட்டுக் கறுத்த இடம் தெரிந்தது. வாட்டிய தோலின் வாசனை சமையலறை முழுக்க. அக்கா மூக்கைப் பொத்தவில்லை.

ஒரே மைக். அக்காவை ஒரு முழத்தில் உட்காரவைத்தேன், தொன்தொனை நாலடி பின்னால். ராவான் மேலோங்கியது, இன்னும் இரண்டடி தள்ளிப் போகச் சொன்னேன். சரியானது. ஒரே மைக்கில் பிடிக்கும்போது தூரம்தான் கலவை. பிறகு திருத்த வழியில்லை. ஹெட்போன் இல்லை, கிளிக் இல்லை. சுருதிப் பெட்டியை நானே பிடித்துக்கொண்டேன்.

முதல் முறை தும்மல். இரண்டாவது முறை முழுதாகப் போனது. கடைசிச் சரணத்தில் சூடு ஆறித் தோல் இறங்கத் தொடங்கிவிட்டது. தொன்தொன் ஓரத்துக்குக் கையை நகர்த்திச் சமாளித்தார். கடைசித் தட்டு முழுக்கத் தளர்ந்து விழ, “ஐயோ!” என்றார். அது கிரியோல்தான். அவர்கள் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

பாட்டரி 17.

ஜனவரி 20, சனி

மின்சாரம் வந்துவிட்டது, ஃபிரிட்ஜும் பாடுகிறது. பதிவைக் கணினியில் கேட்டேன். தொடக்கத்தில் 92 இருந்த வேகம் முடிவில் 101. படித்த மூளை சும்மா இருக்குமா? தட்டுகளை வெட்டிக் கோடுகளோடு ஒட்டவைத்துப் பார்த்தேன். ராணுவ அணிவகுப்பு. எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன். ஒலி அளவைச் சற்று ஏற்றியதும், தொடக்கத்தில் இருந்த நாற்காலிக் கிறீச்சை நீக்கியதும்தான் நான் செய்தவை. “ஐயோ” இருக்கிறது. ‘மலையும் வலியும்’ அப்படியே.

ஜனவரி 25, வியாழன். தைப்பூசம்

காவடி. அண்ணன் மகன் தூக்கினான், நான் பால்குடம். நான்கு திசையிலும் ஒலிபெருக்கி. என் பாட்டை நினைத்துப் பார்க்கவே இடமில்லை. பிறகு வாழை இலையில் ஏழு கறி. கால் கொப்புளத்துக்கு மஞ்சள்.

ஜனவரி 28, ஞாயிறு

பாட்டை அக்காவுக்கும் தொன்தொனின் பேரனுக்கும் கைபேசியில் அனுப்பியிருந்தேன். மதியம் அக்கா கூப்பிட்டாள்: பாட்டு நன்றாக இருக்கிறதாம், ராவான்தான் குரலை அமுக்குகிறதாம், கொஞ்சம் குறைக்க முடியுமா? சாயங்காலம் வேலி ஓரம் தொன்தொன்: ராவான் நன்றாக விழுந்திருக்கிறது, பாடுகிற அம்மாவைச் சற்றுத் தள்ளி உட்காரவைத்திருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் உட்காருகிறோம். ஃபிரிட்ஜைப் பிடுங்க மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை.