கிடேரி இருக்கு, சேங்கன்னைக் காணோம்

மாடு கன்று போட்டதும் எங்கள் பக்கம் எழும் முதல் கேள்வி இன்னும் மாறவில்லை: "என்ன கன்னு?" கிடேரி, அதாவது பெண் கன்று என்றால் கேட்டவர் முகமே மலர்ந்துவிடும். சேங்கன்னு, அதாவது ஆண் கன்று என்றால், "சரி விடுப்பா, தாய் நல்லா இருக்கில்ல, அது போதும்" என்று ஆறுதல் சொல்வார்கள். எங்கள் தாத்தா காலத்தில் இந்த ஆறுதலுக்கு வேலையே கிடையாது. தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம் பக்கமெல்லாம் ஒரு குடியானவன் வீட்டுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் முதலில் எட்டிப் பார்த்தது கொட்டகையில் நிற்கும் ஜோடி எருதைத்தான், அதனால் சேங்கன்னு பிறந்தால் அந்த வீட்டில் பாதி ஏர் பிறந்த மாதிரி கணக்கு.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் வயதுக்கு வயது நாம் வைத்திருக்கும் பேர்களைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. பெண் பக்கத்துப் பேர்கள் எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன, ஆண் பக்கத்துப் பேர்கள் மாட்டில் மட்டும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றன.

முதலில் கிடேரி. கிடேரிக் கன்னு வளர்ந்து கிடேரி ஆகும், பருவத்துக்கு வந்து கத்தினால் "காளைக்குக் கத்துது" என்போம், காளையே இல்லாத ஊரிலும் அப்படித்தான் சொல்கிறோம், வருவது என்னவோ சினை ஊசியோடு டாக்டர்தான். சினை பிடித்துவிட்டால் சினைக் கிடேரி. ஒன்பது மாதத்துக்குச் சற்று மேலே, சுமார் 280 நாளில் ஈன்றுவிட்டால் அன்றோடு கிடேரி என்ற பேர் போய் தலையீத்து மாடு ஆகிவிடும். அப்புறம் இரண்டாம் ஈத்து, மூன்றாம் ஈத்து என்று எண்ணிக்கைதான் அதன் வயது. எத்தனை வருடம் என்று மாட்டுக்கு யாரும் கேட்பதில்லை, பேங்கிலும் இன்சூரன்ஸ் படிவத்திலும்தான் கேட்பார்கள். மூன்றாம், நான்காம் ஈத்தில்தான் மாடு நிறையக் கறக்கும், நல்ல கறவை இன்னும் பாக்கி என்று காட்டத்தான் சந்தையில் எந்த மாட்டைக் கேட்டாலும் "ரெண்டாம் ஈத்துதாண்ணா" என்றே பதில் வரும். இரண்டாம் ஈத்தைத் தாண்டிய மாடு எதுவும் விற்பனைக்கு வருவதில்லை போலிருக்கிறது!

இந்தப் பொய்யைப் பிடிக்க முன்பு கொம்பைத் தடவிப் பார்ப்பார்கள். ஈத்து ஏற ஏறக் கொம்பின் அடியில் வளையம் வளையமாக விழும். விற்கிறவன் அதற்கும் வழி வைத்திருப்பான், அரத்தால் ராவி எண்ணெய் பூசிப் பளபளவென்று ஓட்டி வந்துவிடுவான். இப்போது பல கலப்பின மாடுகளுக்குக் கன்றிலேயே கொம்பைச் சுட்டுவிடுகிறார்கள், தடவிப் பார்க்க ஒன்றும் இல்லை.

ஆக, கடைசியில் பல்தான். புதன்கிழமை அரூர்ப் பக்கம் புழுதியூர் சந்தைக்குப் போய் ஒரு ஓரமாக நின்று பாருங்கள். தெரிந்த ஆள் மாட்டின் மூக்கை ஒரு கையால் பிடித்துத் தூக்கி, இன்னொரு கையால் கீழ் உதட்டை மடக்கிவிடுவார், பார்க்கிற நேரம் ஒரு நொடிதான், மாடு தலையை உதறுவதற்குள் பார்த்து முடித்திருப்பார். மாட்டுக்கு மேல்தாடை முன்பக்கம் பல்லே கிடையாது, வெறும் தடித்த ஈறு. கீழே எட்டுப் பல். கன்றின் பால்பற்கள் சின்னதாக, குச்சியாக, வெள்ளையாக இருக்கும். இரண்டு, இரண்டரை வயது வாக்கில் நடுவில் உள்ள இரண்டும் விழுந்து, மண்வெட்டி மாதிரி அகலமாக இரண்டு முளைக்கும், பக்கத்திலிருக்கும் பால்பல்லோடு சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் யாருக்கும் தெரியும். அது வரைக்கும் "பல் போடாதது". அப்புறம் ரெண்டு பல், நாலு பல், ஆறு பல். ஐந்து வயதை ஒட்டி எட்டும் வந்துவிட்டால் "கடை சேர்ந்துடுச்சு" என்பார்கள். அதற்குமேல் பல் தேய்ந்திருப்பதைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான், அங்கேதான் தரகருடைய வாய்க்கு வேலை. விலை மட்டும் வாயால் பேச மாட்டார்கள், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான்.

சேங்கன்னுக்கு வருவோம். அது வளர்ந்தால் காளை, இனத்துக்கென்று நிறுத்தினால் பொலிகாளை, மூக்குக் குத்தி மூக்கணாங்கயிறு போட்டு, காயடித்து, ஏருக்கோ வண்டிக்கோ பழக்கினால் எருது. லாடம் அடித்த எருது, அடிக்காத எருது என்பதே ஒரு தரம்தான், முன்னது ரோட்டில் வண்டி இழுக்கும், பின்னது சேற்றோடு சரி. காயடித்தால்தான் எருது என்று சொன்னேன், ஆனால் கிருஷ்ணகிரிப் பக்கம் பொங்கலை ஒட்டி நடக்கும் எருது விடும் விழாவில் கொம்பில் அலங்காரத் தட்டி கட்டிக்கொண்டு பறப்பவை பெரும்பாலும் காயடிக்காத காளைகள். அங்கே கேட்டுப் பாருங்கள், "எங்களுக்கு எல்லாம் எருதுதான் சார்" என்பார்கள். பக்கத்து ஊர்க்காரர்களான நாங்கள் இதை வைத்துக் கொஞ்ச நேரம் சண்டை போடுவோம், அவ்வளவுதான்.

சேங்கன்னு இந்தப் படிகள் எதையும் ஏறுவதில்லை இப்போது. டிராக்டர் வந்த பிறகு ஏர் மாடு போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைவிடப் பெரிய அடி கலப்பினம். ஜெர்சி கலப்புச் சேங்கன்னுக்குத் திமில் சரியாக எழும்பாது, நுகம் உட்காராது, வெயிலும் தாங்காது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தாயிடம் பால் கறக்கும் வரை நிற்கும், பிறகு ஒரு நாள் வண்டி ஏறிவிடும். பல் போடும் வரை இருப்பதே அபூர்வம், பிறகு எப்படி "ரெண்டு பல் காளை" என்ற பேச்சு வரும்? போதாததற்குக் கிடேரி மட்டுமே பெரும்பாலும் பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்து ஊசியும் வந்துவிட்டது. பால் ஊற்றிக் குடும்பம் நடத்துகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குவதில் தப்பே இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் போடச் சொல்வேன்.

இந்த ஊருக்கென்று இருந்த மாடு ஆலம்பாடி. ஆலம்பாடி என்ற ஊர் இப்போது காவிரிக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் இருக்கிறது, மாடு பென்னாகரம், ஒகேனக்கல் மலைக்காடுகளில் மேய்ந்து வளர்ந்தது. பால் கொஞ்சம்தான், இழுவைக்கென்றே ஆன உடம்பு. காட்டுப் பட்டிகளில் இருந்தவரை சேங்கன்னு, காளை, பொலிகாளை என்று எல்லாப் படியிலும் மாடு ஒரே பட்டியில் நின்றது. காடு சரணாலயமாக ஆக மேய்ச்சல் சுருங்குகிறது. 2022 நவம்பரில் காவிரி தெற்கு சரணாலயம் அறிவித்தார்கள், அதே வருடம் மார்ச்சில் வன மேய்ச்சலுக்கு எதிராக உயர் நீதிமன்றத் தீர்ப்பும் வந்திருந்தது. காட்டையும் காப்பாற்ற வேண்டியதுதான். ஆனால் பட்டி போனால் பொலிகாளை என்ற பேரைச் சொல்லவே ஆள் இருக்காது என்பதையும் யாராவது கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

ஆட்டில் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே ஆணுக்குத்தான் காசு. பால்குட்டி, பால் மறந்த குட்டி, கிடாக்குட்டி, கிடா, பொலிகிடா, இந்தப் பக்கம் பெட்டைக்குட்டி, சினையாடு, தாயாடு, ஒன்று விடாமல் செவ்வாய்க்கிழமை நல்லம்பள்ளி சந்தையில் காதில் விழும். ஆணாட்டுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என்று நாலு பேர் சொல்கிறது தொல்காப்பியம், நாங்கள் கிடா ஒன்றிலேயே சமாளித்துக்கொள்கிறோம். பல் கணக்கு இங்கேயும் உண்டு, கொஞ்சம் சீக்கிரம், ஒன்று ஒன்றரை வயதில் ரெண்டு பல். கறிக்கு வாங்குகிறவருக்குப் பல் போடாத கிடா வேண்டும், மந்தைக்கு வாங்குகிறவருக்கு ரெண்டு பல் பெட்டை வேண்டும்.

இதில் சின்னப் பேர் எல்லாம் பெரிய விஷயம் ஆவது ஆட்டை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடும்போது. ஆடு ஒருவருடையது, மேய்ப்பவர் இன்னொருவர், பிறக்கும் குட்டியில் ஆளுக்குப் பாதி. மேச்சேரிச் செம்மறி பெரும்பாலும் ஒற்றைக்குட்டிதான் போடும், அதனால் பங்கு பிரிப்பதில் எப்போதும் இழுபறி. சேலம் கருப்பு வெள்ளாடு என்றால் இரட்டைக்குட்டி சகஜம், ஆளுக்கு ஒன்று, பிரச்சினை இல்லை. எப்படியானாலும் பால் மறந்த பிறகுதான் பங்கு. எங்கள் தெருவில் போன கோடையில் நடந்தது இது. ஆட்டுக்காரர் மேய்ப்பவரின் மாமா முறை, வாசலிலேயே நின்றுகொண்டு பங்கைக் கேட்கிறார்.

"இன்னும் பால்குட்டி மாமா, இப்பப் பிரிச்சா ரெண்டும் நிக்காது."

"பால்குட்டியா? காலைல என் முருங்கைய மொட்டையடிச்சது யாரு?"

"அது தாயாடுங்க."

"ரெண்டு கால்ல நின்னு எட்டிக் கடிச்சத நானே பாத்தேன், குட்டிதான்."

பக்கத்து வீட்டுக்காரர் வந்து குட்டியைத் தூக்கி, வயிற்றைத் தட்டி, "தழை ஜீரணிக்கிற வயிறு, பிரிங்க" என்று தீர்ப்புச் சொன்னார். மறுநாள் மாமா கிடாக்குட்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார், பெட்டை மேய்ப்பவருக்கு. முருங்கைக்கு மட்டும் யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை, மொட்டையடித்த ஆடும் மாமாவுடையதுதானே.