வாசக்டமிக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது?

ஆண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்பவர்களுக்கு இரண்டே வரிகளில் பதில் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் செய்துகொண்டால் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. அரசே 1,100 ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. தனியார் மருத்துவமனை என்றால், ஊரையும் மருத்துவமனையின் அளவையும் பொறுத்துப் பத்தாயிரத்துக்குள்ளும் முடியலாம், முப்பது நாற்பதாயிரம் வரையும் போகலாம். நான் இதைச் செய்துகொண்டவன் என்பது தெரிந்த நண்பர்களும் உறவினர்களும் முதலில் கேட்பது இந்தத் தொகையைத்தான். ஆனால் தொகையை மட்டும் தெரிந்துகொண்டு போகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒன்று, பில்லில் வராத செலவுகள். மற்றொன்று, கணவன் செய்துகொள்ளாவிட்டால் அந்தச் செலவு மறைந்துவிடுவதில்லை, பல மடங்காகப் பெருகி மனைவியின் உடம்பின் மேல் விழுகிறது என்பது. இவ்விரண்டையும் பற்றி விரிவாக எழுதவே இந்தப் பதிவு.

செலவு புரிய வேண்டுமானால் சிகிச்சை என்னவென்று ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். இப்போது பரவலாகச் செய்யப்படுவது கத்தி வைக்காத முறை. சீன மருத்துவர் லி ஷுன்சியாங் 1974இல் உருவாக்கிய இந்த முறையைத்தான் நம் சுகாதாரத் துறைச் சுவரொட்டிகள் ‘நவீன தழும்பில்லா கருத்தடை சிகிச்சை’ என்று சொல்கின்றன. விதைப்பையின் தோலில் மரப்பு ஊசி போட்டு, கூர்முனை கொண்ட சிறிய இடுக்கியால் ஒரு துளையிட்டு, அதன் வழியாக இரண்டு விந்துக் குழாய்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே எடுத்து, சிறு துண்டு வெட்டி, முனைகளைக் கட்டி உள்ளே விட்டுவிடுகிறார்கள். பத்து, பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். தையல் கிடையாது. விதைகள் சுரக்கும் ஹார்மோன் முன்போலவே இரத்தத்தில் கலப்பதால் ஆண்மைக்கோ உடல் வலிமைக்கோ குறைவு வருவதில்லை.

இவ்வளவு சிறிய சிகிச்சைக்குத் தனியாரில் கட்டணம் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை. விசாரித்த மருத்துவமனை ஒன்றில் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுத் தாளைப் பார்த்த பிறகுதான் தெளிந்தது. அதில் அறுவை மருத்துவர் கட்டணம் ஒரு பகுதிதான். மயக்க மருத்துவர் கட்டணம், தியேட்டர் கட்டணம், ஒரு நாள் அறை வாடகை, செவிலியர் கட்டணம், பொதுவாக ‘மருந்தும் உபகரணங்களும்’ என்று ஒரு தொகை எனப் பட்டியல் நீண்டது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு, ஓர் இரவு தங்கவைத்துச் செய்வதாகக் கணக்கிட்டிருந்தார்கள். மரப்பு ஊசியிலேயே செய்துவிட்டு அன்றே அனுப்ப முடியாதா என்று கேட்டதற்கு, “எல்லாம் பேக்கேஜ்தான் சார், தனித்தனியாக் குறைக்க முடியாது” என்றார் முன்மேசையில் இருந்த பெண். முன்பு குடலிறக்கத்துக்கோ விரைவீக்கத்துக்கோ அறுவை செய்துகொண்டவர்கள், மரப்பு ஊசியில் செய்ய இயலாத அளவுக்கு அச்சமுள்ளவர்கள் ஆகியோருக்கு அந்த ஏற்பாடு தேவைப்படலாம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. ஆகவே தனியாரில் செய்துகொள்ள விரும்புகிறவர்கள் “மொத்தம் எவ்வளவு?” என்று கேட்பதோடு நிற்காமல், கத்தியில்லா முறையா, என்ன வகை மயக்கம், தங்க வேண்டுமா, முன்னதாக எடுக்கும் இரத்தப் பரிசோதனைகளும் பின்னர் எடுக்கும் விந்துப் பரிசோதனையும் தொகையில் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று நம்பிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்திருக்கும் பொதுவான விலக்குகளில் 17ஆவது விலக்கு மலட்டுத்தன்மை, கருத்தடை ஆகிய இரண்டுக்குமானது. எனவே தனிநபர் பாலிசிகளில் பொதுவாக இதற்குப் பணம் கிடைப்பதில்லை. நிறுவனம் எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டில் சில வேளை விதிவிலக்கு இருக்கலாம் என்பதால், அதை மட்டும் மனிதவளத் துறையில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

நான் அரசு மருத்துவமனையில்தான் செய்துகொண்டேன். அங்கே இதற்கென ஒதுக்கியிருந்த நாளில், வரிசை பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் லாரி ஓட்டுநர். ஆலோசனை சொல்ல வந்த செவிலியரிடம் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “சிஸ்டர், என்னைக்கு வண்டி எடுக்கலாம்?” இரண்டு நாள் முழு ஓய்வு, பாரம் தூக்குவதும் நெடுந்தூரம் ஓட்டுவதும் ஒரு வாரத்துக்கு வேண்டாம், இறுக்கமான உள்ளாடை அணிந்திருக்க வேண்டும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். ஓட்டுநர் தன் கைப்பேசியில் தேதிகளைப் பார்த்து, போக முடியாத நடைகளை எண்ணிக்கொண்டிருந்தார். வாசக்டமியின் செலவு என்றால் எனக்கு இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கணக்குத்தான். மாதச் சம்பளக்காரனான எனக்கு அந்த ஒரு வாரம் விடுப்பு. அவருக்கு அது வருமான இழப்பு.

ஊக்கத்தொகை என்ற ஏற்பாடு வந்ததே இந்தக் கூலி இழப்பை ஈடுசெய்யத்தான். 1950களிலேயே அன்றைய சென்னை மாகாண அரசு கருத்தடை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. நாட்டிலேயே முன்னோடியான ஏற்பாடு அது. இன்றைய தொகைக்கு அடிப்படை மத்திய அரசு 2007இல் வகுத்த கணக்கு. அதன்படி ஓர் ஆண் கருத்தடை சிகிச்சைக்கு மொத்தம் 1,500 ரூபாய். அதைப் பிரித்தால், செய்துகொள்பவருக்கு 1,100, அழைத்து வருபவருக்கு 200, அறுவை மருத்துவருக்கு 100, மருந்துக்கும் கட்டுத்துணிக்கும் 50, செவிலியருக்கு 15, அறுவை அரங்க உதவியாளருக்கு 15, சிற்றுண்டிக்கு 10, ஏற்பாடுகளுக்கு 10. தனியாரில் பல ஆயிரம் கேட்கும் அதே சிகிச்சையை அரசு மருத்துவர்கள் இந்தக் கணக்குக்குள் நின்று செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது அவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடியது.

ஆனால் 1,100 ரூபாயின் மதிப்பு அப்படியே நிற்கவில்லை. 2007இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 80 ரூபாய். அன்றைய நிலையில் ஊக்கத்தொகை ஏறக்குறைய 14 நாள் கூலிக்குச் சமம். 2025-26ஆம் ஆண்டுக்கான கூலி 336 ரூபாய். அதே 1,100 ரூபாய் இப்போது மூன்றே கால் நாள் கூலி. கட்டட வேலைக்குப் போகும் ஒரு கொத்தனாருக்கு அது இரண்டு நாள் கூலிக்குக்கூடக் காணாது. ஒரு வாரம் பாரம் தூக்காதே என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் கூலியைக் கையில் கொடுத்தால், உடல் உழைப்பாளி எப்படி முன்வருவார்? வட மாநிலங்கள் உள்ளிட்ட, பிறப்பு விகிதம் உயர்ந்த 11 மாநிலங்களுக்கு 2014இல் இதை 2,000 ஆக்கினார்கள். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. சில மாவட்டங்களில் ஆட்சியர்கள் தம் விருப்ப நிதியிலிருந்து கூடுதலாகத் தருவதுண்டு என்றாலும், அது அந்தந்த ஆண்டையும் ஆட்சியரையும் பொறுத்தது. மத்திய அரசு ஊழியர்களுக்குச் சிறப்புத் தற்செயல் விடுப்பு இருக்கிறது. தினக்கூலிக்காரருக்கு அப்படி எதுவும் இல்லை. ஊக்கத்தொகையை உயர்த்தினால் மீண்டும் நெருக்கடி நிலைக் காலக் கட்டாயக் கருத்தடை போல் ஆகிவிடுமோ என்ற தயக்கம் சிலருக்கு இருப்பது நியாயமே. 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு, பெரும்பாலும் ஆண்களுக்கு, கருத்தடை செய்த வரலாறு நம்முடையது. ஆயினும் மனமொப்பி வருகிற ஒருவருக்கு இழந்த கூலியை முழுமையாக ஈடு செய்வதும் ஆசை காட்டி இழுப்பதும் ஒன்றாகா என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, பலர் தவறவிடும் செலவு. அறுவை முடிந்த அன்றே கருத்தடை முழுமையாகிவிடுவதில்லை. துண்டித்த இடத்துக்கு மேலே ஏற்கெனவே இருக்கும் விந்தணுக்கள் வெளியேற ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறையோ வேறு முறையோ கட்டாயம். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, விந்தணு இல்லை என்று உறுதியான பிறகே சிகிச்சை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். அரசுச் சான்றிதழும் அதன் பிறகுதான். அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனைக்கும் கட்டணம் இல்லை; தனியார் ஆய்வகத்தில் சில நூறு ரூபாய்தான். ஆனால் கூச்சத்தாலோ, வலியில்லை என்பதாலோ, இன்னொரு நாள் விடுப்புப் போட வேண்டுமே என்பதாலோ பலர் திரும்பிப் போவதில்லை. பரிசோதனையில் உறுதியான பிறகும் கருத்தரிப்பு நிகழ வாய்ப்பு ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒன்று. அதற்காகவே அரசிடம் குடும்ப நல இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. சிகிச்சை தோல்வியுற்றாலும், பெரிய பின்விளைவு ஏற்பட்டாலும், உயிரிழப்பு நேர்ந்தாலும் அதில் இழப்பீடு கோரலாம். பரிசோதனைக்கே போகாதவர் இதைக் கோரும்போது சிக்கல் வரும்.

பின்விளைவுகளையும் சொல்லிவிட வேண்டும். இரத்தக் கட்டு, கிருமித்தொற்று ஆகியவை நூற்றில் ஓரிருவருக்கு வரலாம். இன்னும் நூற்றில் ஓரிருவருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும் வலி இருக்கலாம். எனக்கு முதல் சில நாட்கள் இழுத்துப் பிடிப்பது போன்ற வலி இருந்து, பிறகு போய்விட்டது.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் கணக்குக்கு வருகிறேன். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், அதாவது 2019-21இல், தமிழ்நாட்டுத் திருமணமான பெண்களில் ஏறக்குறைய 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையை நம்பியிருந்தோர் 0.1 விழுக்காடு. பெண்ணுக்குச் செய்வது வயிற்றைத் திறக்கும் அறுவை. அதில் ஆபத்து கூடுதல், குணமாகும் காலமும் கூடுதல். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரு கருத்தடை முகாமுக்குப் போய்ப் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. இருந்தும் இந்த ஏற்றத்தாழ்வு ஏன் நீடிக்கிறது?

நம் ஊரில் இதற்குக் கணக்கு சார்ந்த காரணம் ஒன்று இருக்கிறது. அதே கணக்கெடுப்பின்படி, இங்கே நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். இரண்டாவது குழந்தைக்கு வயிற்றைத் திறந்திருக்கும்போதே குழாய்களையும் கட்டிவிட்டால் தனிச் செலவில்லை, தனி விடுப்பில்லை என்று குடும்பத்தார் எண்ணுகிறார்கள். எங்கள் இரண்டாவது மகள் பிறந்த அன்று, “சேர்த்துப் பண்ணிடலாமா சார்?” என்று செவிலியர் கேட்டது என்னிடம்தான், என் மனைவியிடம் இல்லை. நாங்கள் முன்கூட்டியே பேசி வைத்திருந்ததால் வேண்டாம் என்றேன். என் அம்மாவுக்கு அதில் வருத்தம். “உழைக்கிற உடம்புப்பா உன்னோடது, அவ எப்படியும் படுத்துதானே இருக்கா” என்றார். அம்மாவுக்கும் அந்தக் காலத்தில் இப்படித்தான் நடந்தது. பிறகு வயல் வேலைக்கும் போனவர், வீட்டு வேலையும் பார்த்தவர். அவருடைய உழைப்பு யாருடைய கணக்கிலும் ஏறவில்லை, அவருடைய கணக்கிலேயே ஏறவில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. சேர்த்துச் செய்தால் செலவில்லை என்பது மருத்துவமனைப் பில்லைப் பொறுத்தவரை சரி. ஆனால் இரண்டு முறை வயிறு கிழிபட்டு, கைக்குழந்தையையும் பார்த்துக்கொள்ளும் ஒருத்தியின் உடம்பில் மேலும் ஓர் அறுவையை ஏற்றுகிறோம். பத்து நிமிட மரப்பு ஊசிச் சிகிச்சையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் குடும்பங்கள் மிகக் குறைவு.

இதற்கு நேர்மையான மறுபக்கமும் உண்டு. மீண்டும் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் சிறிதளவு இருந்தாலும் வாசக்டமி வேண்டாம். துண்டித்த குழாயை மறுபடி இணைக்கலாம்தான். ஆனால் நுண்ணோக்கியின் கீழ் முடியினும் மெல்லிய நூலால் தைக்க வேண்டிய, பல மடங்கு செலவு பிடிக்கும் அறுவை அது. இணைத்தாலும் குழந்தை உறுதியில்லை, ஆண்டுகள் கூடக் கூட வாய்ப்பும் குறையும். ஆகவே இதை நிரந்தரமானது என்று ஏற்றுக்கொண்டே போக வேண்டும்.

போக முடிவு செய்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேட்டால், எந்த மருத்துவமனையில் எந்த நாளில் செய்கிறார்கள் என்று சொல்வார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்களுக்கான இருவார விழிப்புணர்வு நடக்கிறது. மற்ற நாட்களிலும் செய்துகொள்ளலாம். திருமணமானவராக, 60 வயதுக்குள், ஒரு வயதைக் கடந்த குழந்தை ஒன்றாவது உள்ளவராக இருக்க வேண்டும். மனைவியின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை என்றாலும், கலந்து பேசாமல் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆதார் அட்டை, ஊக்கத்தொகைக்காக வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல், சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மருந்து எடுப்பவரானால் அந்தச் சீட்டு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். திரும்பும்போது இருசக்கர வண்டியை ஓட்டுவதற்கு வேறொருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். விந்துப் பரிசோதனைக்கான தேதியை அன்றே எழுதி வாங்கி, அதன் முடிவையும் சான்றிதழையும் ஒரே கோப்பில் பத்திரப்படுத்துங்கள்.