தலைக்குள் இருப்பது என்ன உலோகம்? தம்பியின் காந்தத் தூண்டலுக்கு நாங்கள் அலைந்த கதை

தலையில் அடிபட்டுக் கை வழங்காமல் போன ஒருவரை, தலைக்கு வெளியே வைக்கும் சுருளின் காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் காந்தத் தூண்டல் சிகிச்சைக்குக் கொழும்புக்குக் கூட்டிப்போக நினைக்கிறீர்களா? டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு கடதாசியைத் தேடிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: மண்டையோட்டில் பொருத்திய தட்டு எந்த உலோகம் என்று எழுதிய கடதாசி. அது இல்லாமல் நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

தம்பிக்கு விபத்து நடந்தது ஏ9 வீதியில், யாழ்ப்பாணத்திலிருந்து வெகு தொலைவில். அருகிலிருந்த வைத்தியசாலையில் மூளை வீக்கத்துக்காக மண்டையோட்டின் இடப்பக்கத்தில் ஒரு துண்டை எடுத்தார்கள். பிறகு அங்கேயே அந்த இடத்தைத் தட்டு வைத்து மூடினார்கள். உயிர் தப்பியது அவர்கள் புண்ணியம். இயன்மருத்துவம் (பிசியோதெரபி) ஊரில் ஒழுங்காக நடந்தது. வலது கை மட்டும் மசியவில்லை.

கொழும்புச் சிகிச்சை நிலையத்தில் படிவத்தின் முதல் கேள்வியே தலையில் உலோகம் உண்டா என்பதுதான். வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் கார்டில் தட்டு வைத்ததாக ஒற்றை வரி. உலோகத்தின் பெயர் இல்லை. நான் கொண்டுபோன எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினேன். தட்டு இருப்பதைத்தான் எக்ஸ்ரே காட்டும், அது என்ன தட்டு என்று சொல்லாது என்றார் வைத்தியர். டைட்டேனியத்தைக் காந்தம் இழுக்காது. இரும்புக் கலவையாக இருந்தால் விஷயமே வேறு. அவர் சொன்னது நியாயம். ஆனால் முற்பதிவு செய்தபோது தொலைபேசியில் பேசியவர் இதில் ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாமே!

அடுத்த கேள்வி: இரவு நித்திரை கொண்டாரா? இரவு பஸ்ஸில் வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? காரணம் இருக்கிறது. மூளைக் காயம் உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். நித்திரை முழிப்பு அதை இன்னும் கூட்டும். ஆகவே கடதாசி இருந்திருந்தாலும் அன்று செய்திருக்கமாட்டார்களாம். யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்கள் முதல்நாளே பகல் ரயிலில் போய்த் தங்குங்கள். குடிக்கும் குளிசைகள் அத்தனையின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். டிரமடோல் போன்ற வலி மாத்திரையும் வலிப்பைத் தூண்டக்கூடியது.

பிறகு தொடங்கியது, அந்தக் கடதாசிக்காகத் தட்டு வைத்த வைத்தியசாலையில் பதிவறைப் படலம். சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதிக்கு நோயாளியின் கையொப்பம் வேண்டும் என்றார் எழுதுவினைஞர். தம்பி இடது கையால் போட்டான். அடையாள அட்டையில் உள்ளதுபோல் இல்லை என்று திருப்பித் தள்ளினார். வலது கை வழங்காததால்தானே வந்திருக்கிறோம் என்றேன். “அது எனக்குத் தெரியாது பிள்ளை, விதானையாரிடம் கடிதம் வாங்கி வாருங்கள்.” ஊருக்குத் திரும்பினோம். விதானையார், அதாவது கிராம அலுவலர், பிரதேச செயலகத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஒருவழியாகக் கடிதத்தோடு போனால், அந்தப் பெயரில் கோப்பே இல்லை என்றார்கள்!

கோப்பு இருந்தது. தம்பியின் பெயரை ஆங்கிலத்தில் வேறு எழுத்துகளில் எழுதி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற வயதான சிற்றூழியர் ஒருவர்தான் டயக்னோசிஸ் கார்டின் மூலையில் இருந்த பி.எச்.ரி. இலக்கத்தை (வார்டில் சேர்க்கும்போது கொடுக்கும் நோயாளிக் கோப்பின் இலக்கம்) பார்த்துவிட்டு உள்ளே போனார். தேநீர் குடித்து முடிக்கும் நேரத்தில் கோப்போடு வந்தார். பெயரைச் சொல்லித் தேடவேண்டாம், இலக்கத்தைச் சொல்லுங்கள். சத்திரசிகிச்சைத் தாளின் அடியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், ஓரம் சுருண்டு, பசை மஞ்சளாகி ஒட்டியிருந்தது. அதில் தட்டின் தொகுதி இலக்கமும் டைட்டேனியம் என்ற சொல்லும். அந்த இடத்திலேயே கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டேன்.

சிகிச்சை பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. காதில் அடைப்பான், தலையில் எட்டு வடிவச் சுருள், டக் டக் என்று சத்தம். முதலில் பெருவிரல் துடிக்கும் அளவைக் கண்டுபிடித்து, அதை வைத்து வலுவைத் தீர்மானிக்கிறார்கள். சுருளை வலப்பக்கத்தில் வைத்ததைக் கண்டு அம்மா பதறிப்போய், “தம்பி, பக்கம் மாறிவிட்டது, அடிபட்டது மற்றப் பக்கம்” என்று கருவியை இயக்கிய பையனைப் பிடித்துக்கொண்டார். மாறவில்லை. அடிபடாத பக்கம் அடிபட்ட பக்கத்தை அடக்கிவைக்கும் என்ற கணக்கில், விநாடிக்கு ஒன்று என்ற மெதுவான துடிப்பால் அடிபடாத பக்கத்தைச் சற்றுத் தணிக்கிறார்களாம். தட்டுக்கும் தள்ளியே இருக்கும்.

பணம் கட்டுமுன் வைத்தியர் ஒன்றை ஒளிக்காமல் சொன்னார். கை விஷயத்தில் இதற்குச் சான்று அதிகம் உள்ளது பக்கவாதத்துக்கு. விபத்துக் காயத்துக்குக் குறைவு. அமெரிக்காவில் 2008ல் இந்தக் கருவிக்கு அனுமதி கிடைத்ததுகூட மனச்சோர்வுக்குத்தான். “மூளையையே புதுப்பிக்கும்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தூண்டல் முடிந்த கையோடு கைப்பயிற்சி செய்யவேண்டும். அதற்கு அங்கே ஆள் உண்டா என்று முதலே கேளுங்கள். எங்கள் இடத்தில் இல்லை. ஊரில் இயன்மருத்துவர் எழுதித் தந்ததை வைத்து நானே செய்வித்தேன். இப்போது தம்பி வலது கையால் கோப்பையைப் பிடிக்கிறான், நிரம்பியிருந்தால் சிந்துகிறான். காந்தத்தாலா, பயிற்சியாலா என்று வைத்தியரே பிரித்துச் சொல்லவில்லை.

இதற்கிடையில் கனடாச் சித்தப்பா, வீட்டிலேயே தலையில் மாட்டும் மின்பட்டை ஒன்றை இணையத்தில் வாங்கி அனுப்புகிறேன் என்று நின்றார். அதில் ஓடுவது ஒன்றிரண்டு மில்லி அம்பியர்தான். ஆனாலும் எலும்பு எடுத்துத் தட்டு வைத்த தலையில் மின்சாரம் போகும் வழி மாறிவிடும், தொடவே வேண்டாம் என்று வைத்தியர் மறித்துவிட்டார். சித்தப்பாவிடம் அதைச் சொல்லி, அந்தக் காசை வாங்கிக் கொழும்பு வெள்ளவத்தையில் அறை வாடகை கட்டினோம்.