சோள மாவு என்று எழுதியது நான்தான்

குழந்தைக்கு இரண்டே கால் வயது, எடை 10 கிலோ. கன்னம் பொம்மைக்கு இருப்பதுபோல் உப்பியிருக்கும், வயிறு முன்னால் தள்ளியிருக்கும். பார்க்கிறவர்கள் "நல்லா கொழுகொழுன்னு இருக்கே" என்பார்கள். அந்த வயிற்றை அடைத்திருந்தது வீங்கிய கல்லீரல். கிளைக்கோஜன் சேமிப்பு நோய், முதல் வகை. ஏறக்குறைய ஒரு லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு வருவது. அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள்.

சாப்பாட்டில் மிஞ்சும் சர்க்கரையைக் கல்லீரல் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது. பசிக்கும்போது அதை உடைத்து ரத்தத்துக்கு அனுப்ப குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் என்ற நொதி வேண்டும். இந்தக் குழந்தைகளிடம் அது வேலை செய்யாது. குதிர் நிறைய நெல் இருக்கும், அள்ளத்தான் வழியில்லை. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். காரணத்தை விஞ்ஞானிகளான கோரி தம்பதியர் 1952-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய வைத்தியம் 1984-ல்தான் வந்தது: கடையில் கிடைக்கும் கார்ன்ஃப்ளோரைப் பச்சையாகத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது.

நான் அந்தக் குழந்தை இருந்த வார்டின் உணவு ஆலோசகர். கிலோவுக்கு 1.6 கிராம் கணக்கில் 16 கிராம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து. சர்க்கரை, வெல்லம், தேன், பழம் கூடாது, பாலும் கூடாது. இட்லி, சோறு, பருப்பு, முட்டைக்குத் தடையில்லை. எல்லாவற்றையும் நல்ல தமிழில் தாளில் எழுதிக் கொடுத்தேன். கார்ன்ஃப்ளோர் என்ற இடத்தில் 'சோள மாவு' என்று எழுதினேன். அப்போது அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இரண்டு வாரம் கழித்து வந்தார்கள். காலைச் சர்க்கரை 41, மிகவும் குறைவு. அலாரம் அடித்தும் குழந்தையின் அம்மா தூங்கியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்திரிக்கிறீங்களாம்மா?" என்று நான் கேட்ட தொனி அவருக்குப் புரிந்துவிட்டது. பேசாமல் செல்போனை நீட்டினார். ஆறு அலாரம் வரிசையாக இருந்தது.

சரி, மாவைக் காட்டுங்கள் என்றேன். கூட வந்திருந்த அப்பத்தா பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். கார்ன்ஃப்ளோர் பனி மாதிரி வெளுத்திருக்கும், விரலால் நசுக்கினால் கிறீச்சிடும். இது சாம்பல் பூத்த, நறநறவென்ற மாவு. சொந்தக் காட்டில் விளைந்த வெள்ளைச் சோளத்தை மில்லில் கொடுத்து அரைத்திருக்கிறார்கள். சோளம் என்றால் அவர்களுக்கு அதுதானே? மக்காச்சோளம் வேறு, அதிலிருந்து ஸ்டார்ச்சை மட்டும் பிரித்தெடுத்த கார்ன்ஃப்ளோர் இன்னும் வேறு. அதோடு அப்பத்தா அதைக் கஞ்சியாகவும் காய்ச்சிவிட்டார். "பச்ச மாவக் கரச்சுக் குடுத்தா புள்ளைக்கு வயிறு உப்பிறாதா தாயி?" என்று என்னையே கேட்டார். ஏற்கெனவே உப்பிய வயிற்றுப் பிள்ளையை வைத்திருப்பவர் வேறு எப்படி நினைப்பார்? வேகவைத்தால் ஸ்டார்ச் மணிகள் வெடித்துச் சீக்கிரம் செரித்துவிடும், சர்க்கரை சட்டென்று ஏறி சட்டென்று இறங்கும் என்பதை நான் சொல்லவேயில்லை. தாளில் 'கரைத்து' என்ற ஒரு சொல் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கோப்பில் 'வீட்டில் சரியாகப் பின்பற்றவில்லை' என்று எழுத இருந்தேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

தாளைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினேன். கடைக்காரர் சொல்கிறபடியே 'கான்ஃப்ளவர் மாவு' என்று எழுதி, காலி பாக்கெட்டின் முன்பக்கத்தை வெட்டி ஒட்டினேன். கீழே பெரிய எழுத்தில், 'ஆறிய தண்ணீர் மட்டும். அடுப்புப் பக்கமே போகக் கூடாது.'

அப்புறம் ஒரு வாரம் நானும் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து மாவைக் கரைத்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். முதல் இரண்டு நாள் தூக்கக் கலக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள்தான் கவனித்தேன்: நாலு வாய் குடிப்பதற்குள் மாவு டம்ளர் அடியில் படிந்துவிடுகிறது. மேலே இருப்பது வெறும் தண்ணீர். மறுநாள் தாளில் இன்னொரு வரி சேர்த்தேன்: 'அடியில் தங்கியதையும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் கொடுக்கவும்.'