விசில் அடிக்காத குக்கருக்காக அலைந்த கதை

சித்திரை, வைகாசி இரண்டு மாதத்துக்குள் எங்கள் வீட்டில் இரண்டு முறை பருப்பு கருகியது. அம்மாவுக்கு 74 வயது, காது மந்தம். குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு முன்னறையில் போய் உட்கார்ந்தால் விசில் கேட்பதில்லை. இரண்டாவது முறை தண்ணீர் முழுக்க வற்றி, மூடியிலிருந்த சேஃப்டி வால்வு உருகி, தீய்ந்த வாடை பிடித்து எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து அடுப்பை அணைத்திருக்கிறார். நான் அலுவலகத்தில் இருந்தேன். அவர் அதைப் போனில் சொன்ன தொனி இன்னும் உறுத்துகிறது.

நேரம் முடிந்தால் தானாக நின்றுவிடும் மின்சார பிரஷர் குக்கர் வாங்கலாமா என்ற பேச்சு அன்றைக்குத்தான் தொடங்கியது. வாங்கி முடிக்க ஆடி மாதம் ஆகிவிட்டது.

முதல் கோணல் என் தம்பியின் அன்பால் வந்தது. நியூ ஜெர்சியிலிருந்து விடுமுறைக்கு வரவிருந்தவன், "அக்கா, இங்கே தள்ளுபடியில் கிடைக்கிறது, நீ ஒன்றும் வாங்காதே" என்றான். பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஆறு லிட்டர் குக்கர் வந்து சேர்ந்தது. நம் ஊர் பிளக் பாயின்ட்டுக்குப் பொருந்த அடாப்டரும் மறக்காமல் கொண்டுவந்திருந்தான். சொருகப் போன என் கையைத் தடுத்தது என் மகன். குக்கரின் அடியில் 120 வோல்ட் என்று எழுதியிருந்தது. நம் வீட்டுக்கு வருவது 230. அடாப்டர் மாற்றுவது பின்னின் வடிவத்தை மட்டும்தான். நேராகச் சொருகியிருந்தால் ஆயிரம் வாட் இழுக்க வேண்டிய குக்கர் ஏறத்தாழ நான்கு மடங்கு இழுத்திருக்கும். போன் சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது தோன்றவே இல்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது சூடாகும் சாமான் எதையும் கொண்டுவருவதாகச் சொன்னால், முதலில் அதன் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வந்த பொருளை விடவும் மனமில்லை. ஒரு சனிக்கிழமை வெயிலில் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன், 230 வோல்ட்டை 120 ஆக இறக்கித் தரும் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்க. கடைக்காரர் 1,500 வாட் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்து, "தூக்கிப் பாருங்கள் மேடம்" என்றார். ஒரு கையால் அசைக்கக்கூட முடியவில்லை. "இதைச் சமையலறையில் எங்கே வைப்பீர்கள்? வயதானவர்கள் புழங்குகிற இடம் என்கிறீர்களே" என்று அவரே கேட்டார். விற்றிருக்கலாம், விற்கவில்லை. வெறுங்கையோடு திரும்பக் கூச்சப்பட்டு ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி வாங்கினேன். அதுவும் தண்டம் என்பது பிறகு தெரிந்தது. தம்பியின் குக்கர் பரணுக்குப் போனது.

ஆடித் தள்ளுபடியில் 7,200 ரூபாய்க்கு உள்ளூர்க் குக்கர் ஒன்று வாங்கினோம். விற்பனையாளர் பையன், "பத்தே நிமிடத்தில் பருப்பு" என்று பொத்தானை அழுத்திக் காட்டினான். அந்தப் பத்து நிமிடக் கணக்கு எப்போது ஆரம்பிக்கிறது என்பதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். உள்ளே அழுத்தம் ஏற 12 நிமிடம். பிறகுதான் எண்கள் இறங்கத் தொடங்கும், அது 10. ஆவி தானாக அடங்க இன்னொரு 10. மொத்தம் 32 நிமிடம். எங்கள் பழைய குக்கர் கேஸ் அடுப்பில் இருபது நிமிடத்தில் முடித்துவிடும். காரணம் எளிது: அடுப்புக் குக்கரின் வெயிட் பொதுவாக 15 பிஎஸ்ஐ அழுத்தம் வரை தாங்கிய பிறகே தூக்கும். மின்சாரக் குக்கர்களில் பெரும்பாலானவை 10 முதல் 12-க்குள் நின்றுவிடுகின்றன. அழுத்தம் குறைந்தால் உள்ளே சூடும் சில டிகிரி குறையும். நேரம் மிச்சமாகும் என்று நினைப்பவர்கள் கடை வாசலிலேயே திரும்பிவிடலாம். எங்களுக்கு வேண்டியிருந்தது அணைக்க ஆள் தேவைப்படாத அடுப்பு. அந்த ஒன்றுக்காக நான் மறுபடியும் வாங்குவேன்.

அடுத்தது பிளக். எங்களுக்கு வந்த குக்கரின் பிளக் 16 ஆம்பியர், தடித்த பின். சமையலறையில் அதற்குப் பொருந்துகிற ஒரே பாயின்ட்டை ஃப்ரிட்ஜ் பிடித்துக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜின் பின்னை ரிச்சி தெரு எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றலாம் என்று பார்த்தால் அது சின்னப் பின்னுக்கானது. மாற்று முனை ஒன்றை இடையில் வைத்துக் குக்கரையே அதில் சொருகினேன். கால் மணி நேரத்தில் பெட்டி கைவைக்க முடியாதபடி சுட்டது. பிடுங்கிப் போட்டேன். எலக்ட்ரீஷியன் வந்து புதுப் பாயின்ட் போட 650 ரூபாய். அதையும் குக்கர் விலையோடு சேர்த்தே சொல்ல வேண்டும். இடம் பார்க்கும்போது தலைக்கு மேல் அலமாரி இல்லாத இடமாகப் பாருங்கள். ஆவியைத் திறந்துவிட்டால் பீய்ச்சி அடிக்கிறது. பலகை அடியில் இருந்தால் ஊறிப்போகும்.

கரண்ட் பில்லைப் பற்றி எல்லாரும் பயமுறுத்தினார்கள். மீட்டரைப் பார்த்துக் குறித்ததில் ஒரு சமையலுக்குக் கால் யூனிட்டுக்குச் சற்றுமேல். தினமும் இருவேளை என்றால் இரண்டு மாதத்துக்கு 30, 35 யூனிட். தனியாகப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை இரட்டிப்பாகிவிடும். நாங்கள் கோடையில் 480-இல் நிற்கிற குடும்பம். ஆகவே ஏசி ஓடும் மாதங்களில் இரவுச் சோறு மறுபடியும் கேஸில்தான்.

மூன்றாவது வாரம் குக்கர் மூடியைச் சுற்றி ஆவி கசிந்தது, எண்கள் இறங்கவே இல்லை. அரை நாள் விடுப்பு போட்டு சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்தவர் குக்கரைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாரன்ட்டி அட்டையைப் புரட்டி, "கடை முத்திரை இல்லையே" என்றார். பில்லை நீட்டினேன். அடுப்புக்குப் பக்கத்து இழுப்பறையில் வைத்திருந்த அந்த வழவழப்புத் தாளில் எழுத்தெல்லாம் போய்ச் சாம்பல் நிறம்தான் மிச்சம். "இதில் எந்தத் தேதி மேடம்?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. கடைக்குப் போனால் முத்திரை வைக்கிறவர் திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். திங்கட்கிழமை போய், போன் நம்பரை வைத்துப் பில்லைத் தேடியெடுத்து, முத்திரையும் வாங்கிவந்தேன். பில் கைக்கு வந்தவுடனே படமெடுத்து வையுங்கள். அட்டையில் முத்திரை விழாமல் கடைப் படியை இறங்காதீர்கள்.

அன்று இரவு குக்கரை மறுபடி மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து மூடியை வாங்கிக் கவிழ்த்தாள். கேஸ்கட்டை விரலால் ஒரு சுற்று வருடினாள். "ஒரு பக்கம் கம்பிக்கு வெளியே நிற்கிறதே, கழுவிவிட்டு யார் மாட்டியது?" என்றாள். மாட்டியது நான். பக்கத்தில், அழுத்தம் ஏறினால் எழும்புகிற சின்ன உலோகக் குமிழும் பருப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. வெந்நீரில் கழுவி, கேஸ்கட்டை உட்கார வைத்து, "இப்போது போடு" என்றாள். 12 நிமிடத்தில் குமிழ் எழும்பியது. கஷ்டப்பட்டு வாங்கிய முத்திரை இன்றுவரை பயன்படவில்லை.

அன்றிலிருந்து அது அம்மாவின் குக்கர். பருப்பு, கொண்டைக்கடலை போடும்போது பாதிக்குமேல் நிரப்புவதில்லை. பொங்கல் வைத்தால் ஆவியை உடனே திறப்பதில்லை, திறந்தால் நுரை சுவரில் தெறிக்கும். இட்லிக்கு வால்வைத் திறந்தே வைக்க வேண்டும். அழுத்தம் ஏறாததால் எங்கள் குக்கரில் எண்கள் நகர்வதில்லை. அதற்கு மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். கேஸ்கட்டில் சாம்பார் வாசனை ஏறிப் பாயசத்தைக் கெடுத்த பிறகு, பாயசத்துக்கென்று தனியாக ஒரு கேஸ்கட் வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள்.

பரணில் கிடக்கும் குக்கரை அடுத்த முறை திருப்பி எடுத்துப்போகச் சொன்னேன். பெட்டியில் இடமிருக்காது என்கிறான் தம்பி. இருக்கட்டும். அதன் உள்பாத்திரம் நல்ல எவர்சில்வர். அம்மா அதை மட்டும் இறக்கி, இட்லி மாவு கரைத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.