எட்டுப் பேர்தானே என்றேன்

கோவை கணபதியில் அப்பா ஆரம்பித்த லேத் பட்டறை எங்களுடையது. பம்ப்செட் பாகங்களுக்கு ஜாப் ஆர்டர். 2007 நவம்பரில் அப்பா சேர்த்த டர்னர் அண்ணா 2019 ஜூன் கடைசியில் வேலையை விட்டு நின்றார். "தம்பி, கிராஜுவிட்டி கணக்குப் பாத்துக் குடுத்துருங்க" என்றார். பல வருடம் உழைத்தவர் வேலையை விடும்போது முதலாளி கொடுக்க வேண்டிய பணிக்கொடை அது. அவராகத்தானே நின்றார்? பட்டறையில் இருப்பதும் எட்டே பேர். "நமக்கெல்லாம் அது வராதுங்ணா" என்று அனுப்பிவிட்டேன். சில நாளில் மனு எழுதிக் கொண்டுவந்தார். வாங்கி பில் புக்குக்கு அடியில் செருகி வைத்தேன்.

அக்டோபரில் தொழிலாளர் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் ஓடினேன். ஐந்து வருடம் முடித்தவர் தானாக ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை உண்டு என்று முதல் வாதத்தை அங்கேயே உடைத்தார். எட்டுப் பேர் வாதத்துக்குப் பழைய சம்பளப் பதிவேடுகளைக் கேட்டார். பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிப் புரட்டினால், 2012-ல் அப்பா கைப்பட நீல மையில் எழுதிய பன்னிரண்டு பெயர்கள். ஆர்டர் குவிந்திருந்த வருடம் அது. 1972-ஆம் வருடப் பணிக்கொடைச் சட்டத்தில், பத்துப் பேரைத் தொட்டுவிட்ட நிறுவனம் பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே வர முடியாது. எனக்கு எதிரான சாட்சி என் வீட்டுப் பரணிலேயே இருந்திருக்கிறது!

கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றானதும் நானே கணக்குப் போட்டேன். கடைசி மாதச் சம்பளம் 18,200. முப்பதால் வகுத்து, வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் வீதம் பதினோரு வருடத்துக்கு: 1,00,100 ரூபாய். விசாரணையில் அதிகாரி என் தாளைப் பார்த்து, "வாரலீவுக்கும் சேர்த்து வகுத்திருக்கீங்களே" என்றார். சட்டப்படி 26-ஆல்தான் வகுக்க வேண்டும். ஒரு நாளுக்கு 700, பதினைந்து நாளுக்கு 10,500. பதினோரு வருடம் ஏழு மாதம் என்பதில் ஆறு மாதத்துக்கு மேல் போனதால் அது பன்னிரண்டு வருடம். ஆக 1,26,000. அடிப்படைச் சம்பளம், படி என்று பிரிக்காமல் மொத்தமாகவே எழுதி வந்ததால் எதையும் கழிக்க வழியில்லை.

அவர் வாங்கியிருந்த 30,000 அட்வான்ஸைப் பிடித்துக்கொள்ளலாமா என்று மெல்லக் கேட்டேன். கோர்ட் ஜப்தியே தொட முடியாத பணம் இது, கடன் கணக்கை வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அண்ணா என்னைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூசியது.

வேலையை விட்ட முப்பது நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டிய தொகை. 2020 ஜனவரி கடைசியில்தான் செக் எழுதினேன். ஆறு மாதத்துக்கு 10 சதவீத வட்டி 6,300 சேர்த்து 1,32,300. வட்டி மட்டும் என் திமிருக்கான செலவு.

2025 நவம்பர் 21 முதல் இதெல்லாம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு. படிகளைக் கூட்டிக் காட்டி அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கும் வேலையும் இனி நடக்காது. மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் கணக்கில் வரும்.

செக் கொடுத்த அன்று ராத்திரியே மிச்சமிருந்த எட்டுப் பேருக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதச் சம்பளத்தில் 4.81 சதவீதம் தனியே எடுத்துவைத்தால் போதுமாம். அப்பா காலத்திலிருந்து யாரும் வைக்கவில்லை. டிரில்லிங் மெஷினுக்கு என்று சேர்த்திருந்த பணத்தை வேறு கணக்குக்கு மாற்றினேன். பழைய மெஷின்தான் இன்னும் ஓடுகிறது.